இரண்டாம் நிறம்

முதலில் நால்வரையும் வரைந்தேன்,
விரித்த நாப்கினின் மூலைக்கு ஒருவராக.
அடுப்படியிலிருந்து கத்தும் அபீலியோ, வாய் முழுக்கத் திறந்து.
பில் புத்தகத்தோடு முறைக்கும் ஜூல்மிரா.
காதில் பென்சில் செருகிய என் கணவன் எவுரிக்கோ.
நாலாம் மூலையில் நான்,
பாத்திரம் கழுவும் நுரைக்குள் பாதி.

ஒல்யாவ் மீன் சந்தைக்குப் பின்தெருவில்
பதினோரு மேசைகள் எங்களுக்கு.
கடை நால்வருக்கும் சமம்;
தாளும் சமமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவெய்ரோவிலிருந்து அச்சகத்து நொர்பெர்ட்டோ
தொலைபேசியில் சிரிக்காமல் சொன்னார்:
"மடித்துத்தான் வரும், அம்மா.
மேலே தெரியும் கால் பாகத்தில் மட்டும் அச்சு.
மற்ற முக்கால் வெறும் தாள்.
விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி வரையுங்கள்.
ஓரத்தில் புள்ளி புள்ளியாக அழுத்துவோம்,
அங்கே முகம் வந்தால் அம்மை போட்டதுபோல் ஆகும்.
ஒரே நிறம். இரண்டாவதற்குத் தனிக் காசு.
மெல்லிய கோடு மட்டும் வேண்டாம்,
இந்தத் தாள் மை குடிக்கும்."

குடிப்பவர்களோடு குடும்பம் நடத்துகிறவள் நான்.
அந்தக் கடைசி வார்த்தைதான் உடனே புரிந்தது.

நால்வரையும் கால் பாகத்துக்குள் நெருக்கி அனுப்பினேன்.
வெள்ளிக்கிழமை மாதிரித் தாள் வந்தது.
அபீலியோவின் மீசை இறங்கி அவர் வாயை மூடிவிட்டது
(இருபது வருடமாக ஒருவராலும் முடியாதது).
ஜூல்மிராவின் மூக்குக்கண்ணாடி
இரண்டு கறுப்புக் காசு.
கடைப் பெயரின் வட்ட எழுத்து மூன்றும்
வயிறு அடைத்து மிளகாகிவிட்டன.
நான் எங்கே என்று தேடினேன்:
நுரையோடு சேர்ந்து ஒரு கறை.

அப்படியென்றால் ஒரே முகம்தான். யாருடையது?
அன்றிரவு ஷட்டரை இறக்கிய பிறகு
"அடுப்பு என்னுடையது" என்றார் அபீலியோ.
"கடன் என் பெயரில்" என்றாள் ஜூல்மிரா.
எவுரிக்கோ சீட்டுக் குலுக்கலாம் என்று சொல்லி
இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.
என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் போன பின்
ஐஸ் பெட்டியில் மிஞ்சியிருந்த பாரையை
ஒரு தட்டில் கிடத்தினேன்.
தடித்த பேனா.
முதலில் செதில்களை விட்டேன்.
துடுப்பில் பதினாலு முள்ளுக்கு ஐந்து போதும்.
வாலைச் சுற்றிய நீரை விடத்தான் மனம் வரவில்லை,
அதையும் விட்டேன்.
அடிக்கோலை வைத்து ஒவ்வொரு கோடாக அளந்தேன்,
தையற்காரி இடுப்பை அளப்பதுபோல.
எழுத்தையும் படமாக மாற்றச் சொல்லியிருந்தார்,
என் எழுத்துரு அவர் கணினியில் இல்லையாம்;
மாற்றாவிட்டால்
எங்கள் பெயர் வேறு யாரோ போல வந்து நிற்கும்.

கண்ணுக்கு வந்தபோது கை நின்றது.
செத்த மீனில் பார்வை ஏது?
சிங்க்குக்கு மேல் தொங்கும் கண்ணாடியைப் பார்த்தேன்,
மணி இரண்டரை,
பார்த்ததை வரைந்தேன்.

நாலாயிரம் வந்தது, மூன்று பெட்டி.
"இந்த முறைப்பு ஜூல்மிராதான்" என்றான் எவுரிக்கோ.
"வாயைப் பார், அபீலியோ" என்றாள் அவள்.
தாடை தன் தாடையேதான் என்று
அபீலியோ ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் ஏழாம் மேசையில்
செத்தூபலிலிருந்து வந்த ஒரு பெண்
நண்டுச் சாறு குடித்து முடித்து
என் கண்ணால் உதட்டை ஒற்றி எடுத்தாள்.
பிறகு கசக்காமல், என்னவோ நினைத்து,
விரித்து வைத்துவிட்டுப் போனாள்.

செவுளோரம் சிவப்பு,
கோட்டைத் தாண்டாமல்,
சரியாக.
அதற்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை.